கெல்லி மாளிகை சொல்லும் கதை



பத்து காஜாவிலிருந்து கோப்பெங் போகும் வழியில், ஆற்றோரம் குன்றின் மேல் நிற்கும் கெல்லி மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் அதன் பேய்க் கதையையாவது கேட்டிருப்பீர்கள். சன்னல் பொருத்தாத அறைகள், கதவில்லாத வாசல்கள், இருண்ட நடைகள். பகலில் நுழைந்தாலே உடம்பு சிலிர்க்கும். ஆனாலும் போகாமல் இருக்க முடிகிறதா? படம் பிடிக்க வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. பாழடைந்த கட்டடத்துக்கு அப்படியொரு ஈர்ப்பு!

அந்தச் சுவர்களின் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், இருபது வயதில் மலாயா வந்தார். குத்தகை வேலையில் சேர்த்த பணத்தில் ரப்பர் தோட்டம் போட்டுப் பெரிய துரையானார். 1915-இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். ஆறு மாடிக் கோபுரத்தில் லிப்ட் வைக்கவும் திட்டம் போட்டார். கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் யார்? சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறி வந்த நம்மவர்கள்தாம்.

முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் ஸ்பானியக் காய்ச்சல் பரவியது. வேலையாட்களில் பலர் மாண்டு போனார்கள். வேலையும் தடைப்பட்டது. மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டுமென்று கேட்க, துரையும் கட்டிக் கொடுத்தார். நன்றியாக, கோயில் கூரையில் சாமி சிலைகளோடு துரையின் உருவத்தையும் வைத்தார்கள். 1926-இல் துரை லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். குடும்பத்தார் சொத்தை விற்றுவிட்டார்கள். மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது.

யோசித்துப் பாருங்கள். துரையின் பெயர் மாளிகைக்கு இருக்கிறது; கோயிலில் சிலையும் இருக்கிறது. காய்ச்சலில் செத்த தொழிலாளிகளில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? பேய் இருக்கோ இல்லையோ, இந்த மறதிக்குத்தான் நாம் பயப்பட வேண்டும்.

பிள்ளைகளே, அங்கே போனால் மாளிகையோடு திரும்பிவிடாதீர்கள். பக்கத்திலுள்ள கோயிலையும் பாருங்கள். நம் தோட்டத்து லயங்களும் காலியாகி வருகின்றன. பல தோட்டங்களில் லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. இடிபடும் முன்னே அவற்றையும் படம் எடுங்கள். எந்த வீட்டில் யார் குடியிருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று தாத்தா பாட்டியைக் கேட்டு, படத்தின் பின்னால் எழுதி வையுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை வந்து கேட்டால், "அதெல்லாம் இப்ப எதுக்குடா?" என்று விரட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். துரைமார் கதையை எழுத ஆளுண்டு. நம் கதையை நாம்தான் எழுத வேண்டும்.