பீட்டில் கார்: முன் சஸ்பென்ஷன் மேம்பாடு

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் காற்றால் குளிரும் எஞ்சின் பின்புறம் இருப்பதால் முன்பக்கம் எடை குறைவு. நேர்சாலையில் பக்கக் காற்றடித்தால் வண்டி அலைபாய்வதற்கு அதுவும் ஒரு காரணம். முன் அச்சு, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு குழாய்கள். அவற்றுள் பட்டை எஃகுத் தகடுகளின் கட்டு முறுக்கு வில்லாக இயங்குகிறது. போர்ஷேயின் இந்த வடிவமைப்பு எளிமையிலும் உறுதியிலும் இன்றும் வியக்கத்தக்கது.

1966 மாடலில் கிங்பின்னுக்குப் பதில் பால் ஜாயின்ட் வந்தது. குழாய்களின் இடைவெளியும் மாறியதால் புதிய அச்சைப் பழைய சட்டத்தில் அப்படியே பூட்ட முடியாது. 1970இல் வந்த 1302 வகை, முறுக்கு வில்லைக் கைவிட்டு மெக்பெர்சன் ஸ்ட்ரட்டுக்கு மாறியது.

உயரத்தைக் குறைக்க, குழாயின் நடுவே சரிசெய்யும் அமைப்பைப் பற்றவைப்பது வழக்கம். அளவுமீறித் தாழ்த்தினால் பால் ஜாயின்ட் அதன் அசைவு எல்லையைத் தொட்டு இறுகும். கிங்பின் அச்சு இதை நன்றாகத் தாங்கும். மூக்கு தாழும்போது காஸ்டர் கோணமும் குறைவதால், கீழ்க்குழாய்க்குப் பின்னால் ஷிம் வைத்து ஈடுசெய்ய வேண்டும். தேய்ந்த புஷ்களையும் ஸ்டீயரிங் பெட்டியையும் சீராக்காமல் புது ஷாக் அப்சார்பருக்குச் செலவிடுவது வீண்.