அறிகுறி காட்டாத எல்லை: சிட்னியிலும் மெல்பேர்ணிலும் தடிமனும் கோவிட்டும், 2020–2024

2020 ஜனவரி 25 அன்று அவுஸ்திரேலியாவின் முதல் கோவிட் நோயாளிகள் உறுதிசெய்யப்பட்டனர்: மெல்பேர்ணில் ஒருவர், சிட்னியில் மூவர். அடுத்த சில நாட்களிலேயே மெல்பேர்ணின் டோஹர்ட்டி நிறுவனம் அந்த வைரஸைத் தன் ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டியது. சீனாவுக்கு வெளியே அதைச் செய்த முதல் ஆய்வுகூடம் அதுவே. ஆய்வுகூடத்துக்கு இவ்வளவு விரைவில் வசப்பட்ட வைரஸ், வீட்டிலும் வேலைத்தலத்திலும் எழுந்த எளிய கேள்விக்கு மட்டும் பிடிகொடுக்கவில்லை: இது வழக்கமான தடிமனா, கோவிட்டா? மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, இருமல் என்று அறிகுறிகளை எண்ணி விடை தேடும் பழக்கம் இன்றும் நீடிக்கிறது. அந்த வழியில் நீடித்து நம்பத்தக்க விடை கிடைத்ததே இல்லை. இரு நோய்களும் தொடங்கும்போது ஒன்றுபோலத் தோன்றிப் பின்னர் வெவ்வேறு இடங்களுக்குப் போய்ச் சேருகின்றன. இவ்விரு நகரங்களின் அனுபவத்தை ஆண்டுவாரியாகப் பார்த்தால் இது தெளிவாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தில் ஒன்றுபோலத் தோன்றுவதற்கு வைரஸ்களின் உறவுமுறையும் ஒரு காரணம். தடிமனை உண்டாக்குபவற்றுள் ரைனோ வைரஸ்களே மிகுதி என்றாலும், மனிதரைத் தொற்றும் கொரோனா வைரஸ்கள் முதலில் அறியப்பட்டதே தடிமன் ஆராய்ச்சியில்தான். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் இருந்த தடிமன் ஆய்வுப் பிரிவில் டேவிட் டிரெல்லும் மால்கம் பைனோவும் 1965இல் அத்தகைய வைரஸ் ஒன்றை விவரித்தனர். 1968இல் அந்தக் குடும்பத்துக்குப் பெயர் வந்தது. இன்று 229ஈ, ஓசி43, என்எல்63, எச்கேயூ1 என நான்கு கொரோனா வைரஸ்கள் நம்மிடையே தடிமனாகச் சுற்றி வருகின்றன. இவற்றுள் என்எல்63, கோவிட் வைரஸ் பற்றிக்கொள்ளும் அதே ஏசிஈ2 ஏற்பியைப் பற்றியே உயிரணுவுக்குள் நுழைகிறது. நுழையும் வாசல் ஒன்றாக இருந்தும் விளைவு ஒன்றாக இல்லை. தடிமன் பெரும்பாலும் மூக்கையும் தொண்டையையும் விட்டு இறங்குவதில்லை. கோவிட்டோ நுரையீரலின் ஆழத்துக்குப் போகவும், இரத்த நாளங்களின் உட்சுவரைப் புண்படுத்தி இரத்தத்தை உறையச் செய்யவும் வல்லது.

இந்த வேறுபாடு முதல் நாளில் கண்ணுக்குத் தெரியாது என்பதற்கு 2020 கடும் சான்றுகளைத் தந்தது. மேற்கு சிட்னியின் நியூமார்ச் முதியோர் இல்லத்தில், ஏப்ரல் மாதத்தில், இலேசான அறிகுறிகள் மட்டுமே கொண்டிருந்த பணியாளர் ஒருவர் தமக்குத் தொற்று இருப்பதை அறியாமலே பல பணிமுறைகளில் வேலை செய்தார். தொற்று அங்கே பரவி, 19 முதியவர்கள் இறந்தனர். மெல்பேர்ணின் இரண்டாம் அலையில், ஜூலை 7 முதல் 21 வரை பதிவான 3,810 நோயாளிகளுள் பத்தில் ஒன்பது பேர்வரை, உடல்நலக் குறைவை உணர்ந்த நேரத்துக்கும் பரிசோதனைக்குப் போன நேரத்துக்கும் இடையில் தனித்திருக்கவில்லை என்று விக்டோரியா மாநிலத்தின் அப்போதைய முதல்வர் டானியல் ஆண்ட்ரூஸ் அறிவித்தார். சம்பளத்துடன் நோய் விடுப்பு இல்லாத வேலைகளே இதற்குப் பெருங்காரணம் என்று அவரே சொன்னார். அந்த ஆண்டு நாடெங்கும் கோவிட்டால் இறந்த 909 பேரில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்தவர்கள். பணியாளரின் தொண்டையில் தடிமன்போலத் தெரிந்த நோய், அவர் கவனித்துக்கொண்ட முதியவரின் உடலில் மரணமாக முடிந்தது. அறிகுறி தோன்றுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இந்த வைரஸ் பரவத் தொடங்குவதால், அறிகுறிக்காகக் காத்திருந்த எந்த ஏற்பாடும் பிந்தியே வந்தது.

அந்தத் தொழிலாளர்களின் அலட்சியம்தான் காரணம் என்ற கருத்து அப்போது பரவலாக ஒலித்தது. அது நியாயமற்றது. 2019இல் 3 இலட்சத்துக்கு மேல் பதிவான இன்புளுவென்சா, எல்லைகள் மூடப்பட்டபின் 2021இல் சில நூறாகச் சுருங்கிவிட்டது. ஆனால் தடிமனை உண்டாக்கும் ரைனோ வைரஸ்கள் பொதுமுடக்கங்களைத் தாண்டியும் சுற்றிக்கொண்டிருந்தன. 2020இல் செய்யப்பட்ட பரிசோதனைகளுள் தொற்று உறுதியானவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இருமியவர்களுள் மிகப் பெரும்பாலானோருக்கு உண்மையிலேயே வேறு ஏதோவொன்றுதான் இருந்தது. தனக்கு வந்தது தடிமன் என்று நினைத்தவரின் கணக்கு தவறானதல்ல. அந்தக் கணக்கு பிசகிய ஒரு சிலரின் வழியாகவே நோய் பரவியது. தனிமனிதரின் ஊகத்தை நம்பி ஒரு நகரத்தைக் காக்க இயலாது என்பதையே இது காட்டுகிறது. அறிகுறிகளுள் மணம் தெரியாமல் போவது மட்டும் கோவிட்டின் தனி அடையாளம் என்று சில காலம் கருதப்பட்டது. மூக்கடைப்பு இல்லாமலே மணம் இழப்பது முதல் ஈராண்டுகளில் நல்ல குறியாகத்தான் இருந்தது. 2021 இறுதியில் ஒமிக்ரோன் வந்தபின் அதுவும் அருகிப்போனது.

ஒமிக்ரோன் வந்தபின் கோவிட்டும் ஒரு தடிமனாகிவிட்டது என்பதே இன்று வலுவான மறுப்பு. இதில் ஓரளவு உண்மை உண்டு: ஒவ்வொரு தொற்றிலும் மரண வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்த அலை வந்து சேர்ந்தபோது 16 வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒன்பது பேர் இரண்டு தடுப்பூசிகளைப் பெற்றிருந்தனர். கிருமியின் சாதுத்தனமாக எண்ணப்பட்டதில் பெரும்பகுதி தடுப்பூசியின் பலன். அப்படியிருந்தும் 2022இல் கோவிட் ஏறத்தாழ 10,000 பேரின் உயிரைப் பறித்து, நாட்டின் மரணக் காரணங்களுள் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. தொற்றுநோய் ஒன்று முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக நிகழாதது. கட்டாயத் தனிமைப்படுத்தல் கைவிடப்பட்டதும் அதே ஆண்டு அக்டோபர் 14 அன்றுதான்.

மரணத்தோடு வேறுபாடு முடிவதில்லை. சிட்னியின் செயின்ட் வின்சென்ட்ஸ் மருத்துவமனையும் கிர்பி நிறுவனமும் நடத்திய அடாப்ட் ஆய்வு, தொற்றுக்குப் பின்னும் அறிகுறிகள் மாதக்கணக்கில் நீடிக்கும் நெடுங்கோவிட் உள்ளவர்களைக் குணமடைந்தவர்களோடும், தடிமன் கொரோனா வைரஸ்களால் தொற்றுண்டவர்களோடும் ஒப்பிட்டது. நம் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்பீடு அரிது. இலேசான அல்லது மிதமான கோவிட்டுக்கு எட்டு மாதங்களுக்குப் பின்னும் நெடுங்கோவிட் உள்ளவர்களின் நோயெதிர்ப்பு உயிரணுக்கள் கிளர்ந்த நிலையிலேயே இருந்தன என்று 2022இல் அது அறிவித்தது. ஆய்வில் பங்கேற்றவர்கள் சிலரே. ஈராண்டு முடிவில் பலரின் குறியீடுகள் சீரடைந்ததாக அதே குழு 2024இல் எழுதியது. ஆறுதலான செய்திதான். ஆனாலும் குணமாக ஈராண்டு எடுக்கும் நோயைத் தடிமன் என்று அழைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

1890ஆம் ஆண்டையொட்டிப் பரவிய பெருந்தொற்று ஓசி43ஆல் வந்திருக்கலாம், பின்னர் அது தடிமனாகத் தணிந்தது என்ற கருதுகோளையும் சிலர் முன்வைப்பர். அது மெய்யென்றே கொண்டாலும், தணிந்ததாகச் சொல்லப்படும் அதே ஓசி43, 2003இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு முதியோர் இல்லத்தில் புகுந்தபோது எட்டுப் பேர் இறந்தனர். சிறுவயதிலேயே தொற்றி, எதிர்ப்பாற்றல் பெற்ற உடல்களில்தான் அது தடிமன். அதோடு, தடிமனுக்கென்று வைரஸ் எதிர்ப்பு மருந்து இல்லை, கோவிட்டுக்கு உண்டு. 2022 மே முதல் அவுஸ்திரேலிய அரசின் மானியத்தில் கிடைக்கும் பாக்ஸ்லோவிட்டை அறிகுறி தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் "வெறும் தடிமன்தானே" என்று ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தால், அந்த மருந்துக்கான காலம் அதற்குள் கடந்துவிடும்.