லான்சரோத்தே

லான்சரோத்தே என்பது அட்லாண்டிக் பெருங்கடலில், ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 125 கி.மீ. தொலைவில் அமைந்த எரிமலைத் தீவு. ஸ்பெயினின் கேனரித் தீவுகளுள் ஒன்று. தலைநகர் அர்ரெசிஃபே. பரப்பு சுமார் 846 ச.கி.மீ.; மிக உயர்ந்த இடம் 671 மீட்டர். ஈரக்காற்றைத் தடுத்து மழை தருமளவு உயர்ந்த மலைகள் இல்லாததால் தீவு வறண்டது. குடிநீர் பெரும்பாலும் கடல்நீரிலிருந்து பெறப்படுகிறது.

வரலாறு: 1730 முதல் 1736 வரை நீடித்த வெடிப்புகள் ஊர்களையும் விளைநிலங்களையும் எரிமலைக்குழம்பால் மூடின. கடைசி வெடிப்பு 1824இல் நிகழ்ந்தது.

காட்சியிடங்கள்: திமான்ஃபாயா தேசியப் பூங்கா (1974) வெடிப்பு நிலத்தைக் காக்கிறது. அங்கு நிலத்தடி வெப்பம் மிகுதி. நிலத்தில் பதித்த குழாயில் ஊற்றும் நீர் உடனே நீராவியாகப் பீறிடும். எரிமலைப் பகுதியின் உட்பாதையில் பேருந்தில் மட்டுமே செல்லலாம். வடக்கில் லா கொரோனா எரிமலைக்குழம்பு ஓடி உருவான குகைகளுள் குவேவா தெ லோஸ் வெர்தெஸ், ஹமேயோஸ் தெல் அகுவா ஆகியவை பெயர்பெற்றவை. பின்னதன் உப்புநீர்க் குளத்தில் பார்வையற்ற வெண்ணிறச் சிறு ஓட்டுமீன் இனம் வாழ்கிறது. லா ஹேரியாவில் சாம்பற்குழிகளில் திராட்சை பயிராகிறது. சாம்பல் இரவுப் பனியின் ஈரத்தை உறிஞ்சி ஆவியாகாமல் காக்க, அரைவட்டக் கற்சுவர்கள் காற்றைத் தடுக்கின்றன.

சிறப்பு: தீவில் பிறந்த கலைஞர் சேசர் மன்ரிக்கே (1919–1992) நிலத்தோற்றத்தைச் சிதைக்காத கட்டடக்கலையை வளர்த்தார். மிராதோர் தெல் ரியோ காட்சிமுனை, கள்ளித் தோட்டம் ஆகியவை அவர் படைப்புகள். யுனெஸ்கோ 1993இல் தீவு முழுவதையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.