மூலக்கதை யாருக்கு வேண்டும்?

எங்கள் பக்கம் உருது பேசுகிற முஸ்லிம்களைப் பொதுவாகப் 'பட்டாணி' என்றே சொல்லிவிடுவார்கள். அப்படி அழைக்கப்படும் எல்லோருக்கும் ஆப்கன் மலைகளோடு சம்பந்தம் கிடையாது. ஆனாலும் அந்தச் சொல் தமிழ் நிலத்துக்குச் சும்மா வந்துவிடவில்லை. அது வந்த வழியில் நிஜமான பஷ்தூன் குலங்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று பனீ.

பனீக்களின் மூலக்கதையை எழுத்தில் வைத்த பிரதிகளில் முக்கியமானது, 1613 வாக்கில் ஜஹாங்கீர் காலத்தில் நிஃமத்துல்லா பாரசீகத்தில் எழுதிய 'மக்ஸன்-இ-அஃப்கானி'. இஸ்ரவேலரின் அரசன் சவுலின் வழியில் கைஸ் என்பவன் வருகிறான். நபிகளைச் சந்தித்து இஸ்லாத்தை ஏற்கிறான். அவனுடைய மூன்று மகன்களில் ஒருவனான கர்கஷ்தின் வம்சம்தான் பனீ. இந்தக் கதைக்கு வரலாற்று ஆதாரம் எதுவும் இல்லை. பஷ்தோ மொழியோ இரானியக் குடும்பத்தைச் சேர்ந்தது.

கதை பொய் என்று சொல்லிவிட்டு எழுந்து போவது சுலபம். இந்தக் கதை ஏன் அந்தச் சமயத்தில் எழுதப்பட்டது என்பதல்லவா நம் கேள்வி? 1526இல் லோடிகளும், 1556க்குள் சூர்களும் தில்லியை முகலாயரிடம் இழந்திருந்தார்கள். இரானியரும் துரானியரும் வம்சப் பெருமை பேசும் தர்பாரில், தோற்றுப்போன ஆப்கானியருக்கும் ஒரு வம்சம் தேவைப்பட்டது. நூலை ஆதரித்தவரே கான் ஜஹான் லோடி என்ற முகலாயப் பிரபுதான்.

இன்றைய பலுசிஸ்தானின் சிபி பக்கத்துக் குலம் பனீ. அதில் சிலர் தக்காணத்தில் பீஜப்பூர் சுல்தான்களிடம் சேவகம் செய்தார்கள். பிறகு முகலாயப் படையில் சேர்ந்த தாவூத்கான் பனீ செஞ்சி முற்றுகையில் பங்கெடுத்தார். கோட்டை 1698இல் விழுந்தது. கர்நாடகத்தின் அதிகாரியாக இருந்து 1702இல் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டவரும் அவரே, 1708இல் நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, திருவொற்றியூர் உள்ளிட்ட 5 கிராமங்களைக் கம்பெனிக்குக் கொடுத்தவரும் அவரே. 1715இல் புர்ஹான்பூர் அருகே போரில் இறந்தார். அவருடைய குலத்தார் கர்நூல் நவாபுகளாக நிலைத்தார்கள். 1750 டிசம்பரில் செஞ்சி அருகே நிஜாம் நாசிர்ஜங் கொல்லப்பட்ட சதியில் கர்நூல், கடப்பைப் பட்டாணி நவாபுகளுக்குப் பங்குண்டு.

1839இல் கம்பெனிப் படை காபூலில் நுழைந்தது. அதே ஆண்டில்தான் கர்நூலையும் பறித்தது. கடைசி நவாப் குலாம் ரசூல்கானைத் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டுவந்து சிறை வைத்தார்கள். 1840இல் அங்கேயே கொல்லப்பட்டார். புதுக்கோட்டையிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில், சிபியில் தொடங்கிய கதை ஒன்று முடிந்திருக்கிறது.

அதற்குப் பிறகுதான் நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்றையொன்று தொடுகின்றன. வடமேற்கு எல்லைப் பஷ்தூன்களுக்கு, ஒருவன் குற்றத்துக்குக் குலத்தையே தண்டிக்கும் எல்லைக் குற்ற ஒழுங்குச் சட்டம் 1901இல் வந்தது. பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதிகளில் அது 2018 வரை நீடித்தது. இங்கே 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு நீண்டது. பிறமலைக் கள்ளர்களிடம் ரேகை கேட்டார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். அதே நாட்களில் புதுக்கோட்டையில் கள்ளர் குலத்துத் தொண்டைமான், இந்திர வம்சம் என்ற மூலக்கதையோடு, குண்டு மரியாதை பெறும் ராஜா. மதுரைப் பக்கம் குற்றப் பரம்பரை, இங்கே ராஜ பரம்பரை. கர்நூலில் நவாப், மலையில் 'வெறியன்'. இதை ரத்தம் தீர்மானித்ததா, அதிகாரம் தீர்மானித்ததா?

இன்று சுவரொட்டிதோறும் 'ஆண்ட பரம்பரை' என்று போடுகிறார்கள். அதே வாய் பட்டாணியை 'வந்தேறி' என்கிறது. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் வரவும் செலவும்தான். முன்பு தர்பார் எழுதியதை, பிறகு சர்க்கார் எழுதியதை, இப்போது நாமே நம் கையால் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மூலக்கதைகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யார் முன்னால், எதைக் கேட்டுப் பெறுவதற்காகச் சொல்லப்பட்டவை என்று வாசிக்க வேண்டும் என்கிறேன். கூடவே இன்னொன்றும் கேட்கலாம்: இந்த மாவட்டத்தில் இத்தனை கண்மாய்களை வெட்டினார்களே, அவர்களுக்கு எந்தத் தர்பாரிலாவது வம்சாவளி எழுதப்பட்டதா?