கனியும் துய்ப்பும்

ஆங்கிலத்தில் கனியைக் குறிக்கும் ‘ஃபுரூட்’ என்னும் சொல் மரத்தைப் பார்த்துப் பிறந்ததன்று. உண்பவனைப் பார்த்துப் பிறந்தது. இலத்தீனில் ‘ஃபுரூயி’ என்பது துய்த்தல், நுகர்தல் என்னும் பொருளுடைய வினை. அதனடியாக வந்த ‘ஃபுரூக்டுஸ்’ துய்ப்பையும், துய்க்கப்படும் விளைவையும், வருவாயையும், மரத்தின் கனியையும் ஒருங்கே குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக அஃது ஆங்கிலம் புகுந்தது. சிக்கனத்தைக் குறிக்கும் ‘ஃபுரூகல்’ என்னும் சொல்லும் இந்த வேரினதே. துய்ப்பும் சிக்கனமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பது கவிஞர்க்குச் சுவையான செய்தி.

உரோமர் இச்சொல்லைச் சட்டத்திற்குள் கொண்டு சென்றனர். பிறர்க்குரிய பொருளை அதன் மூலம் கெடாமல் பயன்படுத்தி, விளைவைத் துய்க்கும் உரிமைக்கு ‘ஊசுஸ்ஃபுரூக்டுஸ்’ என்று பெயரிட்டனர். தோப்பைத் துய்ப்பவனுக்குக் காய்கனிகள் உரியன. மந்தையைத் துய்ப்பவனுக்குக் கன்றும் குட்டியும் உரியன. அப்படியானால் அடிமைப் பெண் ஈன்ற குழந்தை யாருக்குரியது? அதுவும் ‘கனி’யா? உரோமச் சட்ட அறிஞரிடையே இது பழைய வழக்கு. கனி எனக் கொள்ளலாகாது என்ற புரூட்டஸ் என்னும் சட்ட அறிஞரின் கருத்தே நிலைபெற்றது; மனிதன் மனிதனுக்கு விளைபொருள் ஆகமாட்டான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் குழந்தைக்கு விடுதலை கிடைக்கவில்லை. அது தாயின் உடைமையாளனைச் சேர்ந்தது. சொல்லைத் தூய்மையாகக் காத்தவர்கள் உயிரை அடிமையாகவே விட்டார்கள்.

இந்தச் சொல் தமிழகத்துப் பத்திரங்களுக்கும் வந்து சேர்ந்தது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் அடைமானங்களுள் ஒன்றை இந்த இலத்தீன் பெயராலேயே வழங்குகிறது. ஊர் வழக்கில் அஃது ஒத்தி, போக்கியம். இராசபாளையத்து மலையடிவாரத்தில் ஒருவர் தம் மாந்தோப்பைப் போக்கியத்திற்கு எழுதிக் கொடுத்தால், கடன் கொடுத்தவர் வட்டிக்கு ஈடாகக் காய்ப்பை அனுபவிப்பார்; கடன் தீர்ந்ததும் தோப்பு உரியவர்க்குத் திரும்பும். ‘போக்கியம்’ என்ற வடசொல்லுக்கும் துய்க்கத்தக்கது என்பதே பொருள். உரோமனும் இங்குள்ள பத்திர எழுத்தரும் ஒரே கருத்தில் சந்திக்கும் இடம் இது.

ஆனால் கனிக்குப் பெயரிடும்போது தமிழ் வேறு வழியில் நடந்தது. ‘பழு’ என்பது முதிர்தலைக் குறிக்கும் வினை, அதிலிருந்து பழம். கனிதலிலிருந்து கனி. உண்பவன் வருமுன்னரே மரத்தில் நிகழ்வதைச் சொல்லும் பெயர்கள் இவை. இராசபாளையத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டோர் ‘பண்டு’ என்பதும் இதே வேரின் சொல்லே. வடமொழிப் ‘பலம்’ திராவிடப் பழத்திலிருந்து பெறப்பட்டிருக்கலாம் என்று பர்ரோ கருதினார். அதை ஏற்காத அறிஞரும் உளர்.

காயையும் பழத்தையும் தொல்காப்பிய மரபியல் தனித்தனிப் பெயர்களாகவே சொல்கிறது. இந்த நுண்மையைப் பெரிதும் பேணியவர் இம்மண்ணோடு தொடர்புடைய மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் (1902-1981). இராசபாளையத்தை அடுத்த முறம்பில் பயின்று, அங்கேயே சிலகாலம் ஆசிரியராகவும் இருந்தவர்; 1974இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அமர்ந்தவர். மாம்பிஞ்சு வடு, பலாப்பிஞ்சு மூசு, வாழைப்பிஞ்சு கச்சல், தென்னை பனைகளின் இளம்பிஞ்சு குரும்பை என அவர் நிரல்படுத்திக் காட்டியபோது, ஒரு சொல்லுக்குள் ஓர் உழவனின் கண் இருப்பது தெரிந்தது. உலக மொழிகளின் வேரைத் தமிழில் காண முயன்ற அவர் முடிவுகளை மொழியியலார் பலர் ஏற்பதில்லை. ஏற்காதவர்க்கும் அந்தப் பிஞ்சுப் பெயர்கள் மிஞ்சும். இன்று கடைத்தெருவில் அவற்றுள் எத்தனை ஒலிக்கின்றன என்பதுதான் கவலைக்குரியது. ஊறுகாயின் தயவால் வடு பிழைத்தது. மூசுக்கும் கச்சலுக்கும் அந்த நல்வாய்ப்பு இல்லை.

இந்த வேறுபாட்டை அறியாமல் மேலைநாட்டார் செய்த ஒரு மாற்றம் வேடிக்கையானது. ‘மாங்ங’ என்ற மலையாள வடிவமோ மலாய் வழக்கோ போர்த்துக்கீசியரிடம் ‘மங்கா’ ஆகி, ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆயிற்று. வழி எதுவாயினும் மூலம் மாங்காய். இராசபாளையத்துச் சப்பட்டை மாம்பழம் நன்கு பழுத்துச் சாறு ஒழுகும்போதும் ஆங்கிலத்தில் அது காய்தான்.

திருவில்லிபுத்தூரில் இன்னொரு கனியின் கதை உண்டு. இலத்தீனில் மரக்கனிக்குப் ‘போமும்’ என்றொரு தனிச்சொல் உண்டு. மணிகள் நிறைந்த கனி என்னும் பொருளில் ‘போமும் கிரானாட்டும்’ என்று மாதுளையைக் குறித்தனர். ஆங்கிலத்தின் ‘பாமிகிரனேட்’ அதன் வழிவந்தது. தமிழர் அந்த மணிகளை மாதுளை முத்து என்றனர். ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளி நாள்தோறும் இலைகளாலும் பூக்களாலும் புதிதாகக் கட்டப்படுகிறது. அதன் சிவந்த மூக்கு ஒரு மாதுளம்பூ. முத்துப் பிடிக்குமுன், பிஞ்சு என்ற பெயரும் பெறுமுன், அந்தப் பூ அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.