வில்லன் தப்பக் கூடாது

வெளிநாட்டு த்ரில்லர் ஒன்றை ஹாலிவுட் ஆங்கிலத்தில் மறுபடி எடுத்தால் குற்றம் அப்படியே இருக்கும், தண்டனைதான் மாறும். இந்த வழக்கத்துக்கு ஜார்ஜ் ஸ்லூய்சரின் இரண்டு படங்களைவிடத் தெளிவான சான்று இல்லை. டிம் கிராபே 1984-இல் எழுதிய டச்சுக் குறுநாவலை அவர் 1988-இல் 'ஸ்பூர்லோஸ்' என்று படமாக்கினார். பிரான்சில் ஒரு பெட்ரோல் பங்கில் சாஸ்கியா காணாமல் போகிறாள். காதலன் ரெக்ஸ் மூன்று ஆண்டுகளாகத் தேடுகிறான். கடைசியில் கடத்தியவனே எதிரில் வந்து நிற்கிறான்: மனைவி மக்களோடு வாழும் ஆசிரியன் ரேமண்ட். அவளுக்கு நேர்ந்தது தெரிய வேண்டுமென்றால் நீயும் அதை அனுபவிக்க வேண்டும் என்கிறான். மயக்க மருந்து கலந்த காபியைக் குடித்த ரெக்ஸ் மண்ணுக்கடியில் கண் விழிக்கிறான். ரேமண்ட் குடும்பத்தோடு நிம்மதியாக இருக்கிறான். இதே கதையை 1993-இல் அமெரிக்காவில் ஸ்லூய்சரே மறுபடி எடுத்தார். இம்முறை நாயகனின் புதிய காதலி வந்து அவனை மண்ணிலிருந்து மீட்கிறாள். ஜெஃப் பிரிட்ஜஸ் நடித்த வில்லன் கொல்லப்படுகிறான். மூலத்தைப் புரிந்துகொள்ளாத இயக்குநர் கெடுத்துவிட்டார் என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

இந்தப் பழக்கத்தின் வேர் பழையது. 1934 முதல் ஹாலிவுட்டில் கறாராக அமலான தயாரிப்பு விதிகள், குற்றவாளி தப்புவதைத் திரையில் அனுமதிக்கவில்லை. 'தி பேட் சீட்' நாடகத்தில் கொலைகாரச் சிறுமி உயிர் பிழைக்கிறாள். 1956-இல் வந்த படத்திலோ மின்னல் தாக்கிச் சாகிறாள். விதிகள் 1968-இல் போயின, பழக்கம் போகவில்லை. 1997-இல் வந்த நார்வே படமான 'இன்சோம்னியா'வில், மூடுபனியில் சக அதிகாரியைத் தவறுதலாகச் சுட்டு அதை மறைத்த துப்பறிவாளன் குற்றவுணர்வைச் சுமந்தபடி ஊரைவிட்டுப் போகிறான். 2002-இல் கிறிஸ்டோபர் நோலன் எடுத்தபோது அல் பசினோவின் பாத்திரம் குண்டடிபட்டு, சாட்சியத்தை அழிக்காதே என்று சொல்லிவிட்டு இறக்கிறது.

ரசிகர் கேட்பதைத்தானே கொடுக்கிறார்கள் என்று வாதிடலாம். ஹாங்காங்கின் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' படத்தில் போலீசுக்குள் புகுந்த உளவாளி பிழைத்திருப்பதே அவனுக்கு நரகம். அதைத் தழுவிய ஸ்கார்சேசியின் 'தி டிபார்ட்டட்' அவனைச் சுட்டுக் கொன்றது. சிறந்த படத்துக்கான ஆஸ்கரும் வாங்கியது. அமெரிக்காவை மட்டும் குறை சொல்லவும் முடியாது: சீனப் பெருநிலத்துக்கென்று எடுத்த முடிவில் ஹாங்காங் படத்தின் உளவாளியும் கைதாகிறான். இவை நியாயமான வாதங்களே. ஆனால் யார் யாரை முதலில் பிடிப்பார்கள் என்பதுதான் ஸ்கார்சேசியின் படத்தை இழுத்துச் செல்கிறது. அதற்கு அந்தத் துப்பாக்கிக் குண்டு ஒரு பதிலாகிறது. 'ஸ்பூர்லோஸ்' கேட்பது வேறு: உண்மையை அறியும் வெறிக்கு ஒருவன் என்ன விலை கொடுப்பான்? அந்த விலை ரெக்ஸின் உயிர். கடைசி நிமிடத்தில் அவனைக் காப்பாற்றினால் கேள்வியே இல்லாமல் போகிறது. எனவே முடிவை மாற்றுவது தன்னளவில் பிழையாகாது; எந்தக் கேள்விக்காகப் படம் பிறந்ததோ அதை அழிக்கும் மாற்றமே பிழை. 1993-ஆம் ஆண்டுப் படம் செய்தது அதைத்தான்.