பெல்ட்டில் படிந்த கறை

1960களில் சீட் பெல்ட்டுக்கு அமெரிக்க அரசு வகுத்த தரவிதிகளில் எளிமையான ஒரு சோதனையும் இருந்தது. வெள்ளைத் துணித் துண்டு ஒன்றை உலர்வாகவும் ஈரமாகவும் பெல்ட்டின் பட்டைமீது தேய்த்துப் பார்ப்பார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் துணியில் சாயம் ஏறினால் அந்தப் பட்டை தேறாது. இழுவிசை, உராய்வு, வெயில் என்று கடுமையான தேர்வுகளை வைத்தவர்கள், பெல்ட் போடுகிறவரின் சட்டையையும் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். சரியான நினைப்புதான். சட்டையைப் பாழாக்கும் பெல்ட்டை யார் மனமுவந்து மாட்டிக்கொள்வார்கள்?

பெல்ட்டிலிருந்து சட்டைக்குக் கறை போகாமல் விதி பார்த்துக்கொண்டது. சட்டையிலிருந்தும் கையிலிருந்தும் பெல்ட்டுக்கு வரும் கறையை எந்த விதியாலும் தடுக்க முடியவில்லை. வெளிர் நிறப் பட்டைகள் வந்தபோது அது கண்ணை உறுத்தும் சங்கதியாகிவிட்டது.

உடலைப் பட்டையால் கட்டிக் காக்கும் யோசனைக்குப் பழைய பதிவுகள் உண்டு. நியூயார்க்கைச் சேர்ந்த எட்வர்ட் கிளாகார்ன் 1885-இல் பாதுகாப்புப் பட்டை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பெல்ட்டுக்கு அறிவியல் அடித்தளம் கிடைத்தது அதற்கு வெகுகாலம் பின்புதான். 1954 டிசம்பரில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ராணுவ மருத்துவர் ஜான் ஸ்டாப் ராக்கெட் வண்டியில் தன்னைப் பட்டைகளால் கட்டிக்கொண்டு மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பாய்ந்தார். ஒன்றரை நொடிக்குள் வண்டி நின்றது. கண்ணில் இரத்தம் கட்டியபோதும் அவர் பிழைத்துக்கொண்டார். சரியாகக் கட்டப்பட்ட உடல் எவ்வளவு தாங்கும் என்பதை அதன்பின் யாரும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்துவந்த ஸ்வீடன் பொறியாளர் நில்ஸ் போலின் 1958-இல் வோல்வோ நிறுவனத்துக்கு வந்தார். மறு ஆண்டே, இடுப்பையும் மார்பையும் ஒரே பட்டையால் மூன்று இடங்களில் பிடிக்கும் பெல்ட் வந்துவிட்டது. 1959 ஆகஸ்டில் கிறிஸ்டியான்ஸ்டாட் நகரத்து விற்பனையாளரிடம் அந்த பெல்ட்டோடு முதல் கார் போய்ச் சேர்ந்தது. மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று வோல்வோ காப்புரிமையைத் திறந்துவிட்டது. கார் வரலாற்றில் இதைவிடப் பெரிய கொடை எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

இந்தக் கதையில் போலினுக்கும் ஸ்டாப்புக்கும் கிடைத்த வெளிச்சம், பட்டையை நெய்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. பருத்திப் பட்டை ஈரத்தில் மட்கும், பூஞ்சை பிடிக்கும். டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் 1935-இல் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கிய நைலான் அந்தக் குறையைத் தீர்த்தது. போர்க்காலத்தில் பாராசூட்டைத் தாங்கிய அதே இழை கார்களுக்கும் வந்தது. ஆனால் நைலான் அதிகம் நீளும். இங்கிலாந்தில் 1941-இல் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த பாலியஸ்டர் இழை அந்த அளவுக்கு நீளாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். போகப்போக அதுவே பெல்ட்டின் இழையானது. இன்று 46 மில்லிமீட்டர் சொச்சம் அகலமுள்ள பட்டையில் ஏறக்குறைய 300 பாவு நூல்கள் நெருக்கி ஓடுகின்றன. சுமை முழுவதும் அந்தப் பாவின் மேல்தான். குறுக்கே ஓடும் ஊடையின் வேலை பாவைக் கலையாமல் பிடித்துவைப்பது.

எவ்வளவு சுமை? அமெரிக்காவின் 209-ஆம் எண் தரவிதிப்படி, மூன்றுமுனை பெல்ட்டின் இடுப்புப் பட்டை 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். மார்புப் பட்டைக்கு 4,000 பவுண்டு. விளக்கொளியில் நெடுநேரம் காய்ந்த பிறகும் பலத்தில் 60 சதவீதம் மிஞ்ச வேண்டும். உராய்ந்த பிறகு 75 சதவீதம், நுண்ணுயிர்ச் சோதனைக்குப் பிறகு 85 சதவீதம். பட்டை நாளடைவில் பலமிழக்கும் என்பதை விதியை எழுதியவர்கள் முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் வீட்டிலிருக்கும் பிளீச்சிங் பவுடருக்கு இடமில்லை.

1960களின் அமெரிக்கக் கார்களில் சிவப்பு, நீலம் என்று இருக்கைக்குப் பொருத்தமான நிறத்தில் பெல்ட் வைத்தார்கள். பிற்பாடு வெளிர் பழுப்பும் சாம்பலும் பரவின. கார் உள்ளே விசாலமாகத் தெரியும் என்பது அதில் கிடைத்த லாபம். தோளில் உரசும் இடத்தில் வியர்வையும் தலை எண்ணெயும், இடுப்பில் ஜீன்ஸின் நீலச் சாயமும், எங்கும் காப்பித் துளிகளும் என்று ஒவ்வொன்றும் அதில் பளிச்சென்று தெரிந்தன. மழைக்காலத்தில் ஈரத்தோடு உள்ளே சுருண்ட பட்டையில் பூஞ்சைப் புள்ளிகளும் சேர்ந்தன. பாலியஸ்டரைப் பூஞ்சை தின்னாது. இழைகளுக்கிடையில் தங்கும் வியர்வையும் உணவுத் துகளும்தான் அதற்குத் தீனி.

அழுக்கு என்றதும் நம் கை காரத்தைத் தேடுவது பருத்தி கற்றுக்கொடுத்த பழக்கம். உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்த துணி வெளுத்து வந்ததற்குக் காரணம், பருத்தி காரத்தைத் தாங்கும் என்பதே. பாலியஸ்டரின் குணம் வேறு. பாலியஸ்டர் துணிக்குப் பட்டின் குழைவு வருவதற்காக ஆலைகளில் அதைச் சூடான காஸ்டிக் சோடாவில் இடுவது உண்டு. காரம் இழையின் மேற்புறத்தை அரித்து மெலிய வைக்கிறது. புடவைக்கு அது அழகு, உயிர் காக்கும் பட்டைக்கு ஆபத்து. நைலானோ அமிலத்திலும் குளோரினிலும் நைந்துபோகும். தன் காரில் இருப்பது எந்த இழை, அதைத் தைத்த நூல் எது என்று உரிமையாளருக்குத் தெரிய வழியில்லை. வெளுப்பதும் சாயமேற்றுவதும் கூடாது என்று காரோடு வரும் கையேடுகள் சொல்வது இதனால்தான்.

ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 16-ஆம் எண் ஒழுங்குவிதி சுத்தம் செய்யும் முறையைக்கூட விட்டுவைக்கவில்லை. பாலிஷ், எண்ணெய், ரசாயனம், குறிப்பாக பேட்டரி அமிலம் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மென்மையான சோப்பும் தண்ணீரும் பாதுகாப்பானவை. பெல்ட் வாங்குகிறவருக்குத் தரவேண்டிய குறிப்பிலேயே இதைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

செய்முறையில் சிரமம் ஒன்றுமில்லை. பட்டையை முழுக்க வெளியே இழுத்து, திரும்ப உள்ளே ஓடாதபடி சுருள்பெட்டிக்கு அருகில் கிளிப் போட்டு நிறுத்த வேண்டும். இளஞ்சூட்டு நீரில் சிறிது சோப்பைக் கரைத்து, மென்மையான பிரஷ்ஷால் நெசவின் நீளவாக்கில் தேய்க்க வேண்டும். பட்டை தொப்பலாக நனையத் தேவையில்லை. பிறகு சோப்பு மிஞ்சாதபடி ஈரத்துணியால் துடைத்தெடுத்து, நிழலில் நன்றாகக் காயவிட வேண்டும். கிளிப்பை எடுப்பது கடைசி வேலை. ஓர் இரவு முழுக்கக் காயவிட்டாலும் தவறில்லை. ஈரத்தோடு உள்ளே போனால் பூஞ்சை மறுபடி வரும், சுருள்பெட்டியின் இரும்புப் பாகங்களும் துருவேறும். தோளுக்கு மேலிருக்கும் வளையத்தையும் துடைத்துவிடுவது நல்லது. பெல்ட் மெதுவாகச் சுருள்வதற்கு அங்கே படிந்த பிசுக்கே பல சமயம் காரணமாகிறது.

பூட்டுக்குள் எதையும் தெளிக்கக் கூடாது. பெல்ட்டில் பூட்டு எவ்வளவு நுட்பமான இடம் என்பதற்கு ஜப்பானின் தகாட்டா நிறுவனத்தின் கதையே சான்று. 1933-இல் நெசவுத் தொழிலாகத் தொடங்கி, பாராசூட் கயிறு செய்து, 1960-இல் பெல்ட் தயாரிப்புக்கு வந்த நிறுவனம் அது. அதன் பூட்டுகளில் இருந்த சிவப்புப் பிளாஸ்டிக் பொத்தான்கள் வெயிலில் நொறுங்கி, துணுக்குகள் உள்ளே விழுந்ததால் பூட்டுகள் சரியாகப் பிடிக்காமலும் திறக்காமலும் போயின. 1995-இல் அமெரிக்காவில் 80 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன.

இரண்டு முறை சோப்புநீரால் துடைத்தும் போகாத கறையை அப்படியே விட்டுவிடலாம். வெறும் கறையால் பட்டை பலமிழந்துவிடாது. ஓரம் பிசிறியிருந்தாலோ, தையல் விட்டிருந்தாலோ, பேட்டரி அமிலம் பட்டிருந்தாலோ, பெரிய விபத்தில் ஒருமுறை இழுபட்டிருந்தாலோ, எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும்.